மலாயாக்காரி வைத்த கெடு

கம்பத்திலிருந்து வரும் பஸ் உத்தமபாளையத்தில் வந்து நின்றதும் அவள் முன்சக்கரத்தின் பக்கம் போவாள். தலையில் வெற்றிலைக் கூடை இருக்கும். அதை இறக்க மாட்டாள். வலது காலைத் தூக்கி டயரை ஓங்கி ஓர் உதை உதைப்பாள். உதைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலச் சந்தைக்குள் போய்விடுவாள். அவள் பஸ்ஸில் ஏறி நான் பார்த்ததே இல்லை. சின்னமனூர்க் கொடிக்கால்காரர்களிடம் வெற்றிலை வாங்கி, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய் விற்பாள்.

டிரைவர்களுக்கு அது தினசரி வேடிக்கை. "மெதுவா உதை ஆத்தா, டயரு கிழிஞ்சிறப் போகுது" என்பார்கள்.

"கிழியட்டும்லே. இந்த டயருக்குப் பாலு வெட்டித்தான் எங்க வீட்டுக்காரரு செத்தாரு" என்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். டயர் என்பது ஏதோ மரத்தில் வடிகிற பாலில் செய்வது என்று எங்கள் பக்கம் பலருக்கு அப்போது தெரியாது.

ஊரில் அவளுக்கு மலாயாக்காரி என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகிற காரியத்தில் அவளுக்குள்ள பங்கு எனக்கும் உண்டு. என் பெயரை விட்டுவிட்டு அவள் பெயரை மட்டும் எழுதுவது யோக்கியமில்லை.

நான் ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவன், வேதக்காரக் குடும்பம். அங்கிருந்து இரண்டு மைல் நடந்துபோய் ஒரு சின்ன ஊரில் ஓராசிரியர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். கூரைக் கொட்டகை. அதில் உருப்படியாக இருந்தது ஆசியாக் கண்டத்தின் படம் ஒன்றுதான். துணியில் ஒட்டியது, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். சனிக்கிழமை அரை நாள். பள்ளி விட்டதும் அவள் கூடையோடு உள்ளே வருவாள். அந்த ஊரில் வெற்றிலை விற்கிற நாள் அவளுக்கு அதுதான்.

முதல் நாள் வந்தபோது, "நம்ம ஊரு எங்கன இருக்கு வாத்தியாரே?" என்று கேட்டாள். மதுரையைக் காட்டினேன். தேனிக்கும் கம்பத்துக்கும் அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பிறகு மலாயாவைக் கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தவள் எடுக்கவேயில்லை.

சும்மா நிற்கிறாளே என்று நான் பாடப் புத்தகத்தில் இருந்ததை எடுத்துவிட்டேன். இந்தியாவிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகிற கப்பல்கள் பெரும்பாலும் இந்த ஜலசந்தியில் நுழைந்துதான் போகும், ஆகவே இது கீழ்த்திசையின் வாசல் என்றேன்.

"வாசலா? எவன் எழுதுனான் இதை? தொண்டையில்ல வாத்தியாரே அது. ஒருத்தன் கையை வச்சு அமுக்குனா அம்புட்டுப் பேருக்கும் மூச்சு முட்டிரும்" என்றாள். அப்புறம் அவள் பாடம் நடத்தினாள். "அங்கன நெல்லு போட மாட்டாக. இருக்குற மண்ணு பூராம் ரப்பரு. சோத்துக்கு ரங்கூன் அரிசி, சயாம் அரிசி. பாலு வெட்டுறது நம்மாளு, தகரம் தோண்டுறது சீனன், காருல ஏறிப் போறது அமெரிக்காக்காரன். இங்கன கடையில மண்ணெண்ண டப்பா வச்சிருக்கானே, அந்தத் தகரம்கூட அங்கன தோண்டுனதா இருக்கும்."

எழுத்து வாசனை இல்லாதவள். என் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்லாததை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அவள் அங்கே போன கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். எங்கள் பள்ளத்தாக்கில் தோட்ட வேலை என்றால் குமுளிப் பக்கம் மலையேறுவது. ஏலத்தோட்டம், தேயிலைத் தோட்டம். குளிர் தாங்கக் கம்பளி வேண்டும். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் இறங்கி வந்துவிடுவார்கள். கங்காணி வந்து தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் இவளும் புருஷனும் இரண்டு கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலைப் பார்த்தபோதுகூட, அந்தப் பக்கம் இறங்கி ஏதோ ஒரு மலை ஏறப்போகிறோம் என்றுதான் நினைத்தாளாம்.

"சித்திரைக்கு வந்துருவோம்னு ஆட்டுக்குட்டியை அக்கா வீட்டுல கட்டிட்டுப் போனேன். ஏழு சித்திரை போச்சு. வேர்த்து ஊத்துற ஊருல கம்பளியைத் தலைக்கு வச்சுப் படுத்தோம்" என்பாள்.

அவள் திரும்பி வந்ததுகூட மலாயாவில் நடந்த எதனாலும் அல்ல. அமெரிக்காவில் மோட்டார் வாங்க ஆளில்லாமல் போய் ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டத்துக்காரர்கள் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். போனது இரண்டு பேர், வந்தது ஒருத்தி.

அந்தக் கங்காணியின் ஊர்தான் நான் வேலை பார்த்த ஊர். காரை பூசிய மச்சு வீடு அங்கே அவனுடையது ஒன்றுதான். வெள்ளைக் கோட்டும் கையில் குடையுமாக, நல்ல களையான ஆள். யாரையும் மரியாதையாகத்தான் பேசுவான். மகனுக்குச் சிங்கப்பூரில் கடை வைத்துக் கொடுத்திருந்தான். 'அவன்' என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். அதற்கு மேல் மரியாதை என்னால் முடியாது.

விலை தேறி மறுபடியும் ஆள் எடுக்கத் தொடங்கிய வருஷம், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தான். "இவுகளுக்கு அந்த ஊரைக் கொஞ்சம் காட்டுங்க வாத்தியாரே" என்றான். படத்தில் நம் கரைக்கும் மலாயாவுக்கும் நடுவில் உள்ளங்கையைப் பரப்பி வைத்து, "பாத்தீகளா, ஒரு சாண்கூட இல்லை" என்று அவர்களிடம் சொன்னான். அந்தச் சாணுக்குள் ஆயிரம் மைலுக்கு மேல் கடல் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரிய மனுஷன் பேச்சில் குறுக்கே விழ வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை என்பதை அவன் மறந்துவிட்டான். அவள் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவனைப் பார்க்கவேயில்லை. அந்தப் பத்துப் பேரிடம், "கம்பளி எடுத்து வச்சிருக்கீகளா?" என்று கேட்டாள்.

"எடுத்தாச்சு. கங்காணியாருதான் மறக்காம எடுக்கச் சொன்னாக" என்றார் ஒருவர்.

"அங்கன மாரு மேல துணி போட்டாலே வேர்த்து நாறும். கம்பளி எதுக்கு எடுக்கச் சொன்னான்னு இவனையே கேளுங்க. கம்பளி வேண்டாம்னு சொன்னா, நீக எந்த ஊரு அதுன்னு கேப்பீகள்ல? நம்ம குமுளி மலை மாதிரின்னே நெனச்சு வரணும்ல, அதுக்குத்தான்."

கங்காணி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். ஏழு பேர் அன்றே வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் அப்படியும் போனார்கள். அதில் ஒருவன் என் சித்தப்பா மகன். அவனிடமிருந்து நாகப்பட்டினத்தில் எழுதிய ஒரு கார்டு வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அவனும் திரும்பியிருப்பான். இதை நினைக்கும்போதெல்லாம் என் மேல் வரவேண்டிய கோபத்தையும் சேர்த்துக் கங்காணி மேலேயே வைத்துக்கொண்டேன். அது வசதியாக இருந்தது.

அதன் பிறகு அவள் போகிற ஊரிலெல்லாம் வெற்றிலையோடு இந்தக் கம்பளிக் கதையும் போயிற்று. கங்காணிக்கு எங்கள் பக்கம் ஆள் கிடைப்பது அருகிப்போனது. அவன் போடி, பெரியகுளம் என்று தள்ளிப் போக ஆரம்பித்தான். இதோடு அவள் ஆறியிருப்பாள் என்று நினைத்து ஒருநாள், "விடுங்கக்கா, அவன் பிழைப்பிலே மண்ணைப் போட்டாச்சே" என்றேன்.

"பொழப்புல போட்டது மத்தவுகளுக்காக. என் கணக்கு தனியா இருக்கு" என்றாள். அன்றைக்குத்தான் அதைச் சொன்னாள்.

புருஷனுக்குக் காய்ச்சல் கண்டு வேறெங்கோ இருந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கங்காணி வந்து, காய்ச்சல் விட்டுவிட்டது, ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் ஆள் போதவில்லை என்று துரை அவரை அங்கே அனுப்பியிருக்கிறார் என்றானாம். இவள் வாரம் தவறாமல் விசாரிப்பாள். "பக்கத்துலதான், வந்துருவாரு" என்பான். வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. விஷயம் தெரிந்தால் இவள் ஊருக்குப் போகிறேன் என்று உட்கார்ந்துவிடுவாள் அல்லவா. கடைசியில் இவளுக்கே காய்ச்சல் வந்து அதே ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே மருந்து கொடுக்கிற திருவிதாங்கூர்க்காரர் பெயரைக் கேட்டுவிட்டு, "அயாள் மரிச்சு போயல்லோ, பதினொந்நு மாசமாயி" என்றாராம். மலையாளம் அவளுக்குத் தெரியும். தெரியாமலிருந்திருக்கலாம்.

"பதினோரு மாசம் வாத்தியாரே. அவரு மண்ணுக்குள்ள கெடக்காரு, நான் பொட்டு வச்சு, பூ வச்சு, ராவைக்கு வந்தாலும் வருவாருன்னு ஒரு கை சோறு எடுத்து வச்சுத் திரிஞ்சேன். ஏண்டா சொல்லலைன்னு அவன்கிட்டக் கேட்டேன். 'சொன்னா நீ கஷ்டப்படுவேன்னுதான் தாயி' அப்படின்னான்."

அவள் அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஊரே திரண்டு போகிற வீரபாண்டித் திருவிழாவுக்குத் தான் மட்டும் ஏன் போவதில்லை என்று சொன்னாள். தான் பொட்டு வைத்துக்கொண்டு நின்றபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கோயில் ஆத்தாளோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் அந்தத் தொண்டையில்தான் கையை வைத்தான். அவள் சொன்னபடியே எங்களுக்கெல்லாம் மூச்சு முட்டியது. ரங்கூன் அரிசி நின்றுபோய், முப்போகம் விளைகிற ஊர் என்று பீற்றிக்கொள்கிற எங்கள் பக்கத்திலேயே நெல்லுக்கு ஆலாய்ப் பறந்தார்கள். டயரும் பெட்ரோலும் இல்லாமல் பாதி பஸ்கள் நின்றுவிட்டன. மிச்சம் பெட்ரோலுக்குப் பதில் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து போயின. ஒரு வால் மாதிரித் தொங்குகிற நாடு உலகத்தையே இப்படி ஆட்டிவைக்கும் என்று என் புத்தகம் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கங்காணி அந்தச் சமயம் நிலம் வாங்க ஊருக்கு வந்திருந்தான். கப்பல் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டான். சிங்கப்பூரில் குண்டு விழுந்து மகன் கடை இருந்த தெருவே எரிந்துபோயிற்று என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தான். குடை இல்லை. "சிங்கப்பூரு எங்கன இருக்கு வாத்தியாரே?" என்று கேட்டான். எத்தனையோ தடவை போய்வந்தவன். காட்டினேன். "அங்கனருந்து தரை வழியா நடந்து வர முடியுமா? பர்மாக்காரவுக நடந்து வாராகளாமே" என்றான். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் வந்தான்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, அவன் வருவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர், கடைசிக் கப்பலில் தப்பி வந்திருந்தார். சந்தையில் வெற்றிலை வாங்கும்போது அவளிடம் ஒரு செய்தி சொல்லிவிட்டிருக்கிறார். கங்காணி மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டு விழுந்த அன்று அவன் கடையிலேயே இல்லை. டவுனை விட்டுத் தள்ளித் தென்னந்தோப்பில் ஒரு கூட்டாளி வீட்டில் இருக்கிறான். ராவுத்தரைத் துறைமுகம்வரை வந்து ஏற்றிவிட்டதே அவன்தான்.

"'நீ சனிக்கிழமை அந்த ஊருக்குத்தானே போற, கங்காணி வீட்டுல சொல்லிரு தாயி, புண்ணியமாப் போகும்'னாரு. அவரு மக வீட்டுக்குத் திருச்சிக்குக் கிளம்பிட்டாரு" என்றாள்.

"நல்ல சேதிதானே அக்கா. போய்ச் சொல்லுங்க."

"சொல்லுவேன். பதினோரு மாசம் கழிச்சுச் சொல்லுவேன்."

"தகப்பன்க்கா அவன்" என்றேன்.

"நான் பொஞ்சாதி. நீக வேணும்னா போய்ச் சொல்லுங்க, நான் தடுக்கலை. உங்க சித்தப்பா மகனைப் பத்தியும் அப்படியே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

ராவுத்தர் திருச்சியிலேயே மௌத்தாகிவிட்டார். ஆக, அந்தச் செய்தி இந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் இருவரிடம் மட்டும் இருந்தது. பொய்ச் செய்தியும் அல்ல; யுத்தம் முடிந்து அந்தப் பையன் வந்து சேர்ந்ததை நானே பார்த்தேன்.

சனிக்கிழமைகளில் படத்தின் முன்னால் நாங்கள் மூன்று பேரும் இருப்போம். அவள் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள். அவன் விரலால் வழி தேடிக்கொண்டிருப்பான். மலாயா முடிந்து சயாம், சயாம் முடிந்து பர்மா, அப்புறம் மணிப்பூர் மலை. ஆடி மாதம் அவன் பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டுவிட்டான். "ஏந் தாயி, அந்தக் காட்டுல நடந்து வந்துற முடியுமா?"

"மழைக்காலம்ல இப்ப" என்றாள் அவள், நிதானமாக. "அட்டை கணுக்காலு வரைக்கும் அப்பிக்கும். ஆறு பெருகிருக்கும். ரங்கூன்லருந்து வாரவுகளே பாதி வழியில விழுகுறாக. சிங்கப்பூரு அதுக்கும் கீழ, ரொம்பத் தூரம்." ஒரு பொய்கூட இல்லை. அவன் தலையைத் தலையை ஆட்டினான். சேதியை மட்டும் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

புரட்டாசி அமாவாசையன்று உத்தமபாளையத்து ஆற்றங்கரையில் அவன் மகனுக்குத் திதி கொடுத்தான். மாசம் ஏழாகியும் ஒரு துப்பும் இல்லை, இனிமேல் ஆசை வைக்க வேண்டாம் என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அவள் கூடையோடு கரையில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "நான் செத்தவருக்குப் பொட்டு வச்சேன். அவன் உசுரோட இருக்குறவனுக்குப் பிண்டம் வச்சான்" என்றாள். அவள் கண்ணில் ஒரு தெளிச்சி இருந்தது. அவளை எனக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து மச்சு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து, "வாங்க வாத்தியாரே" என்றான். பாதி ஆள்தான் இருந்தான். சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா மகன் ஞாபகம் வந்தது. "பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுது, கொஞ்சம் கிடுகு வேணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு வண்டி கிடுகு வந்து இறங்கியது. அந்த மழைக்காலம் முழுக்க அதன் கீழ்தான் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் நான். சுவாமியாரிடம் கோபம், பொறாமை என்று மற்றதையெல்லாம் சொன்னேன்.

மார்கழியில் கங்காணி செத்துப்போனான். வியாதி என்று ஒன்றுமில்லை. சோறு இறங்கவில்லை என்றார்கள். அன்று சனிக்கிழமை, அவளும் வந்திருந்தாள். "வாங்க, கேதத்துக்குப் போவோம்" என்று என்னைக் கூப்பிட்டாள். கூடையைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டு, வெறுந்தலையோடு நடந்தாள்.

பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கங்காணி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் பாவம், வாயில்லாப் பூச்சி. கடல் கடந்தும் போனதில்லை, யாருக்கும் கெடுதல் நினைத்ததும் இல்லை. அவள் காதருகே குனிந்து மலாயாக்காரி சொன்னாள். "ஒம் மகன் உசுரோட இருக்கான் ஆத்தா. பாத்தவுக சொன்னாக. குண்டு விழுந்தப்ப அங்கன அவன் இல்லை."

ஒப்பாரி அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாள் ஒரு நிமிஷம் இவள் முகத்தையே பார்த்தாள். பிறகு இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்த நேரத்துல வந்து சொன்னியே, நீ தெய்வம் தாயி. இதைக் கேக்க அந்த மனுசனுக்குக் கொடுத்து வைக்கலியே. ஒரு நாள் முந்தி வந்திருக்கப்புடாதா" என்று கதறினாள். என்னையும் பார்த்துக் கும்பிட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

திரும்பி நடக்கும்போது வாய்க்கால் பாலம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். அழப்போகிறாள், இப்போதாவது மனசு இளகியிருக்கும் என்று நினைத்தேன்.

"ஏமாத்திட்டுப் போயிட்டான் வாத்தியாரே" என்றாள். "இன்னும் ரெண்டு மாசம் பாக்கி கெடந்துச்சு."

பாவம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.